பிளேடு மாட்டித் தருகிறவன்

காரைக்கால் காற்றில் இரும்பு நிற்காது ஐயா. பிளேடு பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே எண்ணெயில் போட்டுவிட வேண்டும். ஜெர்லின் உங்கள் ஸ்டேஷன் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கும் இந்தப் பிளேடில் துரு ஏறாததற்கு அதுதான் காரணம். எண்ணெய் போட்டு வைத்தது நான். மெஷினில் மாட்டியதும் நான்தான்.

அவள் புருஷன் அடைக்கலராஜும் நானும் கூட்டாளிகள். எங்களுக்கு ஒரே ஸ்க்ரோல் மெஷின். நூல் மாதிரிப் பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையைத் திருப்பித் திருப்பிப் பூ, கொடி எல்லாம் வெட்டலாம். அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி போட வெட்கம். அதனால் பிளேடு மாட்டித் தருவது என் வேலை. மாட்டிவிட்டு மெஷின்மேல் சிலுவை போடுவேன். சின்ன உதவிதான். ஆண்டவர் பார்ப்பது சின்ன உதவிகளைத்தான் என்று நம்புகிறவன் நான்.

சாதாரணப் பிளேடுக்கு முன்பக்கம் மட்டும்தான் பல். முதுகு வழவழவென்று இருக்கும். வளைவு திருப்பும்போது அடைக்கலராஜ் வலது கை விரல்களை அந்த முதுகை ஒட்டி வைத்துப் பலகையை அழுத்துவான். எத்தனை சொல்லியும் விடாத பழக்கம். சுருள் பிளேடு முறுக்கிய கம்பி மாதிரி, சுற்றிலும் பல். எந்தப் பக்கம் தள்ளினாலும் அறுக்கும். வெட்டு பிசிறடிக்கும் என்று அவன் அதைத் தொடவே மாட்டான்.

திருமலைராயன்பட்டினத்து சஃபியுல்லா, புது வீட்டுக்கு மரஜாலி, அதாவது பூ வெட்டிய மரத்தடுப்பு, செய்யச் சொல்ல வந்தார்.

"உங்க கூட்டாளி எங்க மச்சான் கடைய வாடகைக்குப் பேசி முடிச்சிட்டாரே. தனியாவா போறாரு?" என்றார். "உங்களுக்குத் தெரியாதாங்க?"

"தெரியுங்க பாய்," என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

நானும் அவனும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள் ஐயா. அவன் தகப்பனார் சவப்பெட்டியை என் தோளும் சுமந்திருக்கிறது. அவன் வாயால் சொல்வான் என்று காத்திருந்தேன். பண்டிகைக்கு ஜெர்லின் மண்டபத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வாரம் ஒருநாள் காலையில் சுருள் பிளேடை மாட்டினேன். சிலுவையும் போட்டேன். ஆனாலும் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாடா?"

"என்னத்தச் சொல்றது? நேத்து உன் குழம்புல உப்பே இல்ல. அதான் சொல்லணும்," என்று சிரித்தான்.

சொல்லியிருந்தால் பிளேடைக் கழற்றியிருப்பேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வெட்டியது சஃபியுல்லாவின் ஜாலிதான். முதல் வளைவிலேயே பலகை துள்ளி, முதுகை ஒட்டி வைத்திருந்த விரல்கள் அறுபட்டன. அவன் கத்தவில்லை. "டேய், முதுகுல எப்படிடா பல்லு?" என்றுதான் கேட்டான். எடுக்கும்போது பிளேடு மாறிவிட்டது என்றேன். நம்பினான்.

கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். கட்டுத் துணியை நான்தான் மாற்றினேன். விரல் கறுத்ததையும் வாடை வந்ததையும் முதலில் பார்த்தவன் நான். ஜெர்லின் திரும்பி வந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடும்போது இரண்டு விரலை எடுக்கவேண்டிய நிலை வந்துவிட்டது. அவள் மெஷினிலிருந்து பிளேடைக் கழற்றி எடுத்துப் போனபோதும் நான் தடுக்கவில்லை.

கெடுதல் நினைத்திருந்தால் கழுத்துக்கு வழியில்லாமலா போயிற்று? அவன் போகக்கூடாது, அவ்வளவுதான். இப்போது போகவில்லை. பட்டினத்துக் கடை வேண்டாம் என்று சஃபியுல்லாவின் மச்சானிடம் சொல்லிவிட்டானாம். மத்தியானம் சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். முன்பைவிட என்னிடம் அன்பாக இருக்கிறான். அந்தக் கடையைப் பற்றி மட்டும் என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்களா ஐயா? இனி இடது கையால் வேலை பழகப்போவதாகச் சொல்கிறான். பிளேடு மாட்டித் தர அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?