வெதுவெதுன்னு ஒரு பாட்டில்

விசாலாட்சி: பாட்டில்ல இருக்கற மூத்திரம் இவ்வளவும் நீங்களா போனது?

திருமலைச்சாமி: பின்ன? நர்ஸம்மாவுக்குச் சந்தேகம்னா பாட்டிலத் தொட்டுப் பாருங்க. இந்தக் கொடைக்கானல் குளிர்லயும் சூடு ஆறல.

விசாலாட்சி: தொட்டாச்சு. வெதுவெதுன்னுதான் இருக்கு. போர்வைய வெலக்குங்க, அடிவயித்தப் பாக்கறேன்.

திருமலைச்சாமி: எதுக்குங்க அதெல்லாம்... ஆத்தீ! அமுக்காதீங்க!

விசாலாட்சி: லேசாத்தான் தொட்டேன். தவிலு கணக்கா விம்மிக் கெடக்கு! குடல் முறுக்குன்னு டோலியில தூக்கிட்டு வந்தாக, நேத்துத்தான் வயித்தத் தெறந்து தைச்சிருக்கு. மூத்திரம் இப்படிக் கட்டிக்கிட்டா தையல் என்னத்துக்கு ஆகும்? சோலையம்மா, நீ சொல்லு. உன் வீட்டுக்காரரு நெசமாவே போனாரா?

சோலையம்மாள்: நான்... துணி காயப்போடப் போயிருந்தேங்க.

விசாலாட்சி: இந்த மழையிலயா?

திருமலைச்சாமி: அவள ஏன் கேக்கறீக? சரி... போகல. முக்கிப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது.

விசாலாட்சி: அப்படி வாங்க வழிக்கு. வயித்துல ஆப்பரேஷன் ஆனவுக நெறையப் பேருக்கு இப்படி ஆகறதுதான். ரப்பர் குழாய் விட்டு அப்படியே வச்சிரலாம், பக்கத்துக் கட்டில் கந்தவேலுக்கு இருக்கற மாதிரி. இல்லாட்டி விட்டு, வடிச்சு, உடனே எடுத்துரலாம். மறுபடி கட்டுனா மறுபடி விடணும். வச்சே இருந்தா எங்களுக்குச் சோலி கம்மி, ஆனா காய்ச்சல் கண்டுரும். உங்களுக்கு அப்பப்ப வடிச்சு எடுக்கறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு.

திருமலைச்சாமி: தொப்புளுக்குக் கீழ ஓட்டை போட்டு எடுக்கறதும் உண்டாம்ல? எனக்கு அதப் பண்ணுங்க.

விசாலாட்சி: அது மூத்திரம் போற வழியே அடைச்சுப் போனவுகளுக்கு. ஒரு ஊசிக்கே ஊரக் கூட்டுன மனுசன், இன்னொருதரம் கிழிக்கச் சொல்றீகளே! குழாய் விடறது நான் இல்ல, கட்டுப் போடற நாச்சிமுத்து அண்ணன்தான். வெக்கப்படாதீங்க.

திருமலைச்சாமி: வெக்கமில்லீங்க...

சோலையம்மாள்: வாயத் தெறந்து சொல்லுங்களேன்!

திருமலைச்சாமி: நீ கொஞ்சம் வெளிய போ.

சோலையம்மாள்: போகமாட்டேன்.

திருமலைச்சாமி: ...அடுக்கம் ஊரு அழகுமலைக்கு இப்படித்தான் குழாய் விட்டாக. அதுக்கப்புறம் அவருக்குப் புள்ளையே இல்ல.

விசாலாட்சி: அவருக்கு என்ன வயசு?

திருமலைச்சாமி: எழுவது இருக்கும்.

விசாலாட்சி: நல்லாருக்கு! எழுவதுல அவருக்குத் தொட்டில் கட்டணுமாக்கும்!

திருமலைச்சாமி: சிரிக்காதீங்கம்மா. உண்டானது ரெண்டும் தங்கல. இவ பூம்பாறைக் கோயில் முருகன், அந்த வேலப்பருகிட்ட அழாத நாளில்ல. இருக்கற கொஞ்சநஞ்ச நம்பிக்கையையும் நானே கெடுத்துக்கவா?

விசாலாட்சி: அடடா... இதத்தான் உள்ளயே போட்டு வச்சிருந்தீகளா? கேளுங்கண்ணே. குழாய் மூத்திரப்பைக்குப் போகும், வடிச்சிட்டு வந்துரும். அதால புள்ளப் பேறு போகாது. தானாப் போக ஆரம்பிச்சா அப்புறம் குழாயே வேண்டாம்.

திருமலைச்சாமி: நீங்க சொல்றீக... மனசு கேக்கலியே.

விசாலாட்சி: கேக்கும். மொதல்ல இது யாரு பாட்டில்?

திருமலைச்சாமி: கந்தவேலோடது. இவள வாங்கிட்டு வரச் சொன்னேன்.

விசாலாட்சி: கந்தவேலுக்குக் குழாய் வழியா ஜாடியில எறங்குது. அத நானே இப்பத்தான் கொண்டுபோய்க் கொட்டுனேன். சோலையம்மா... ஏன் தரையப் பாக்கற?

சோலையம்மாள்: ...என்னோடதுதாங்க.

திருமலைச்சாமி: அடிப்பாவி! கேட்ட மாத்திரத்துல பாட்டில் நெறைய எப்படி...

சோலையம்மாள்: இப்பல்லாம் அப்படித்தான் இருக்கு. உக்காந்தா எந்திரிச்சா போகணும்.

விசாலாட்சி: ஏய், நில்லு... வெள்ளனே கஞ்சி வாடைக்கு ஓங்கரிச்சியே...

திருமலைச்சாமி: சோலை?

சோலையம்மாள்: மூணாவது மாசம். இந்தத் தடவையாச்சும் தங்கணும், அஞ்சாவது தாண்டாம யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு வேலப்பருக்கு நேந்திருந்தேன், உங்க வீம்பால அந்த நேர்த்தியும் கெட்டுப்போச்சு... நர்ஸம்மா, நாச்சிமுத்து அண்ணன வெரசா வரச் சொல்லுங்க. புள்ளையத் தூக்கிட்டுக் கோயிலுக்கு நடக்க, இந்த மனுசன் எனக்கு முழுசா வேணும்.