வானொலிப் பெட்டியில் ஒரு ஊசி

வானொலி கேட்பதில் என் மனைவி வள்ளிக்கண்ணுவை மிஞ்ச ஸ்ரீரங்கத்தில் ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மத்தியானம் திருச்சி நிலையத்தில் நாடகம் தொடங்கிவிட்டால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அசையமாட்டாள். நான் விடைத்தாள் திருத்துகிறேனே என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, இடது கன்னத்தைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். அப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நான் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். ரேடியக் கதிரை ஊசிமுனை அளவுக்கு ஒடுக்கி, உயிருள்ள செல்லுக்குள் விட்டால் அதிலுள்ள டி.என்.ஏ. எப்படி உடைகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு ஈயத் தகட்டில் துளை போட்டுத் தந்தவர், மலைக்கோட்டைப் பக்கம் நகைக்கல் பட்டை தீட்டும் தாஜுதீன்.

"இத்தினியூண்டு ஓட்டை எதுக்குங்க சார்?" என்றார்.

"வெங்காயத்துக்கு" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

வெங்காய வேர் நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்டது. ஆனால் அதை வைத்து எழுதிய கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனித செல் வேண்டுமாம். உடம்பை விட்டு எடுத்த செல் என்னிடம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஆக, அது உடம்போடும் இருக்க வேண்டும், அசையாமலும் இருக்க வேண்டும். இதை நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் காணோம் என்று நீங்கள் தேடுகிற, புற்றுக்கட்டிக்கு வைக்கிற அந்த ரேடிய ஊசி, ஈயத் தகட்டோடு வானொலிப் பெட்டிக்குள் அழகாகப் பொருந்தியது. வாரம் தவறாமல் கரண்டிக் காம்பால் அவள் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுப்பேன். சொத்தைப் பல் பார்ப்பதாகச் சொல்வேன்.

"என்னங்க, எம்மேல இவ்வளவு அக்கறையா?" என்று சிரிப்பாள். நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் சிதறிக் கிடந்ததைக் கண்டபோது எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது.

அதெல்லாம் ஐம்பத்தெட்டில். அறுபத்திரண்டில் கன்னத்தில் புண் வந்தது. வலிக்கிறதென்று வலது கன்னத்தை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். நான் ஊசியை எடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கன்னம் தானாக வரும்போது யார்தான் எடுப்பார்கள்?

கடைசியில் கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்கவில்லை. மாசியில் போய்விட்டாள். டாக்டர் புற்று என்றார். கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளை மட்டும் கஷ்டப்படுத்தினேன் என்று எழுதிவிடாதீர்கள். கதிர் படாத கன்னம் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் அதே கரண்டிக் காம்பால் என் கன்னத்தையும் சுரண்டிக்கொண்டேன். எனக்கும் வலிக்கத்தான் செய்தது, ஐயா.