திரையின் இடது ஓரம்

– வரலைன்னா வரலைதான். அந்தத் தியேட்டர் வாசலை மிதிக்க மாட்டேன்னு நாப்பத்தோரு வருஷம் முன்னாடி சொன்னேன். இன்னும் அதே வாய்தான், அதே பேச்சுதான். சொல்லிட்டேன்.

– கேட்டியா மருமகளே? நாளைக்குக் காலைக் காட்சிக்கு இன்னைக்கே டிக்கெட் இல்லைன்னு போர்டு மாட்டிட்டான். எழுபது எம்எம் படம், புதுசா போட்ட பிரிண்ட். அந்த மெஷினைத் தொடத் தெரிஞ்ச ஆள் இல்லாம, வீட்டுக்குக் கார் அனுப்பி ரிட்டயரான என்னைக் கூப்பிடுறாங்க. ஊரே வருது. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு வரிசையே ஒதுக்கியிருக்காங்க, என் தங்கச்சிகூட வர்றா. ஆப்பரேட்டர் பொண்டாட்டி மட்டும் வீட்ல இருந்து ஜன்னல் துடைப்பாளாம்.

– ஜன்னல் அழுக்கா இருந்தா துடைக்கத்தான் செய்வேன்.

– அத்தை, மாமா, சண்டையை அப்படியே தூக்கிட்டு இந்த சோபாவுக்கு வாங்க. ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டேன். டிஸ்க் போட்டாச்சு.

– என்ன டிஸ்க்கும்மா?

– அதே படம்தான் அத்தை. நீங்க நடிச்ச படம்.

– நீயும் ஆரம்பிச்சிட்டியா? வெளியே எடு அதை.

– நான் கேலி பண்ணலை. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. யாராவது ஏதாவது கூட்டிச் சொன்னா போதும், உடனே "அம்மா நடிச்ச படம் மாதிரி"ன்னு உங்க பையன் சொல்றாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களும் சிரிச்சிட்டு எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுறீங்க. அங்க போய் நீங்க சிரிக்கலைன்னு எனக்குத் தெரியும்.

– அதுக்கு இப்ப இந்த டிஸ்க் எதுக்கும்மா?

– அதனாலதான் வாங்கினேன். இன்னைக்கே பாத்து முடிவு கட்டிடலாம். நீங்க இருந்தா நாளைக்குத் தியேட்டருக்கு வர்றீங்க. இல்லைன்னா நானும் உங்ககூட ஜன்னல் துடைக்கிறேன்.

– அதெல்லாம் வீடியோ கேசட் வந்தப்பவே பாத்தாச்சும்மா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பிரயோஜனம் இல்லைன்னு. எழுபது எம்எம் படத்தை டிவிப் பெட்டிக்குள்ள அடைக்க ரெண்டு பக்கமும் வெட்டிட்டானுங்க. கதாநாயகனும் கதாநாயகியும் பேசுற காட்சியில இந்த ஓரம் ஒரு மூக்கு, அந்த ஓரம் ஒரு மூக்கு. நடுவுல இருக்கிற பூஞ்சாடிக்குத்தான் முழு வேஷம்.

– ரெண்டு மூக்கும் பூஞ்சாடியைக் காதலிச்ச மாதிரி இருந்துச்சு. அதையும் உக்காந்து பாத்தேனே.

– இது அப்படி இல்லை மாமா. ஒரிஜினல் நெகட்டிவ்லேர்ந்து முழு அகலமும் எடுத்திருக்காங்க. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும், ஆனா ஓரத்துல ஒரு நூல் வெட்டலையாம்.

– அட்டையில ஆயிரம் எழுதுவான். நான் ஆப்பரேட்டர், எனக்குத் தெரியாதா? போடு, பாப்போம்.

– அத்தை, காட்சி எங்க வரும்?

– துறைமுகத்துல. கப்பல் கிளம்பும். கரையில ஐந்நூறு பேர் நிப்போம். எனக்குப் பத்தொம்பது வயசு. காலேஜ்லேர்ந்து நாங்க எட்டுப் பொண்ணுங்க போனோம். எல்லாப் பொண்ணுங்களுக்கும் தலையில ஒரே மாதிரி பச்சைத் துணி கட்டிவிட்டாங்க. ஒருத்தர் வந்து என் தோளைப் பிடிச்சு, "நீ இங்க, இடது ஓரமா நில்லு, கப்பல் ஊதினதும் கையைத் தூக்கி அசை, கேமராவைப் பாக்காதே"ன்னு சொன்னாரு. நின்னேன். அசைச்சேன். பாக்கலை. இதுல நான் கூட்டிச் சொல்ல என்ன இருக்கு?

– ஒண்ணும் இல்லை அத்தை.

– அடுத்த வருஷம் கல்யாணம். படம் வந்ததும் இவர் தியேட்டர்லதான். புது மருமக இல்லையா, பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாமியார், நாத்தனார், ஓரகத்தி, குழந்தைங்கன்னு பன்னெண்டு பேர் ஒரே வரிசையில. காட்சி வரப்போகுது, இடது ஓரத்தைப் பாருங்கன்னு சொன்னேன். பன்னெண்டு தலையும் இடது பக்கம் திரும்புச்சு. கப்பல் ஊதுச்சு. நானே என்னைக் காணலை. உங்க சின்ன மாமியார், இவரோட அருமைத் தங்கச்சி, தியேட்டருக்கே கேக்குற மாதிரி, "அண்ணி, நீங்க கப்பலா, கயிறா?"ன்னு கேட்டா. முன்னாடி வரிசை, பின்னாடி வரிசை, எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு வெளியே வந்தவதான்.

– மாமா, நீங்கதானே படத்தை ஓட்டினீங்க. நீங்க பாக்கலையா?

– அது மூணாவது ரீல் முடியுற இடம்மா. ஒரு மெஷின்லேர்ந்து இன்னொரு மெஷினுக்கு மாத்தணும். மணி அடிக்கும், ஒரு கை இங்க, ஒரு கை அங்க. நூத்தியேழு நாள், தினம் மூணு காட்சி, ஒரு காட்சியில கூட திரை வெள்ளையானது கிடையாது. அந்த நேரத்துல கேபின் சுவர் ஓட்டையில கண்ணை வெச்சு வேடிக்கை பாக்க முடியுமா?

– கட்டின பொண்டாட்டிக்காக ஒரு தடவை பாத்திருக்கலாம். அதைத்தான் நானும் நாப்பத்தோரு வருஷமா கேக்குறேன்.

– பாக்க முடியாதுன்னா முடியாது. திரை எவ்வளவு அகலம்னு நினைச்சே? அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடியைப் பாக்க கழுத்தைத் திருப்பணும். ரெண்டு ஓரத்தையும் ஒரே நேரத்துல பாக்க நாலு கண்ணு வேணும்.

– சரி, கப்பல் வந்தாச்சு. பேச்சை நிறுத்துங்க. அத்தை, என் கையைப் பிடிச்சுக்கங்க.

– அடேயப்பா.

– என்ன மாமா?

– கயிறு கயிறா தெரியுதேம்மா. அந்தக் கப்பல் பலகையில ஆணி தெரியுது பாரு. நான் கேலியா சொன்னேன், ஆனா ஓரம் முழுசும் இருக்கு. அந்தக் கொடிக்கம்பம் கூட வரும்போல.

– எந்தக் கொடிக்கம்பம்? அப்படி ஒண்ணும் காணலையே.

– கேமரா இன்னும் திரும்பணும். இப்ப வரும். அதோ, இடது ஓரத்துல, கொடிக்கம்பம் பக்கத்துல. ஊதினதும் பாரு.

– ஊதியாச்சு. ஒரு பச்சைத் துணி. பாஸ் பண்றேன். அத்தை, இதுவா?

– முதுகுதானே தெரியுது.

– கை தூக்கியிருக்கு பாருங்க.

– ஐந்நூறு பேரும் தூக்கியிருக்காங்கம்மா. என் முகம் தெரியும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கேமரா என் எதிர்ல இருந்துச்சு.

– முகம்னு நீ நினைச்சிருப்பே. நல்லாப் பாரு. உன் முதுகு உனக்கு எப்படித் தெரியும்?

– என் பின்னல் எனக்குத் தெரியாதா? அப்ப எனக்கு இடுப்புக்குக் கீழ தொங்கும். இவளுக்குத் தோளோட சரி. தோளும் ஆம்பளை மாதிரி இருக்கு.

– நிச்சயமா இது நீ இல்லையா?

– இல்லைன்னு சொல்றேன்ல. எதுக்குங்க உங்களுக்கு முகம் இப்படித் தொங்குது? நீங்கதானே ஜெயிச்சீங்க. போன் போட்டுத் தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, உங்க அண்ணி கப்பலும் இல்லை, கயிறும் இல்லைன்னு.

– நான் ஒண்ணும் சொல்லலையே.

– போதும்மா, அணைச்சிடு. வெட்டாத படத்துலயும் இல்லை. அன்னைக்கு வெயில்ல ஒன்பது மணி நேரம் நின்னேன். அதுகூட நிஜமான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பொய் சொன்னவளாவே இருந்துட்டுப் போறேன். நாளைக்கு நீ போய்ப் பாரும்மா, எனக்காக வீட்ல இருக்காதே.

– இருங்க அத்தை. அசையாதீங்க.

– என்ன, எக்ஸ்ரே எடுக்கப் போறியா?

– அதேதான். எக்ஸ்ரே ரூம்ல தினம் நாப்பது பேரை நிக்க வைக்கிறேன். முதல் நாள் எங்க சீனியர் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். எதிர்ல நிக்கிற ஆளோட இடது, பாக்குறவங்களுக்கு வலது. அதை மறந்தா அடிபட்ட காலை விட்டுட்டு நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுடுவாங்க. அதுக்காகவே படத்து ஓரத்துல இடதா வலதான்னு ஒரு எழுத்து ஒட்டுவோம்.

– புரியலைம்மா.

– அத்தை, உங்க தோளைப் பிடிச்சு நிறுத்தினவர் எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னாரு?

– என் பக்கத்துலதான். நானும் அவரும் கேமராவைப் பாத்துட்டு நின்னோம். அந்தப் பக்கமா கையைக் காட்டி, இடது ஓரம்னாரு.

– அப்ப அது உங்க இடது. கேமராவுக்கு?

– எனக்குக் குழப்பமா இருக்கும்மா, இவரைக் கேளு.

– மாமா, கேமராவுக்கு எந்தப் பக்கம்?

– வலது.

– பன்னெண்டு தலையையும் அத்தை தப்பான பக்கம் திருப்பிவிட்டுட்டாங்க மாமா. அவங்களும் அந்தப் பக்கமே திரும்பிட்டாங்க. ரெண்டு ஓரமும் பாக்கணும்னா நாலு கண்ணு வேணும்னு இப்பதானே சொன்னீங்க. கப்பல் ஊதுறதுக்கு முன்னாடி வைக்கிறேன். ரெண்டு பேரும் மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்கங்க. விடாதீங்க.

– வலது ஓரத்துல பெட்டி அடுக்கியிருக்கு.

– பெட்டிக்குப் பக்கத்துல ஒரு தாத்தா.

– தாத்தாவுக்குப் பின்னாடி… நிறுத்தும்மா. நிறுத்து, நிறுத்து.

– நிறுத்திட்டேன்.

– ஏங்க.

– ம்.

– ஏங்க, பாருங்க. தாடையில மச்சம். நம்ம பையனுக்கு இருக்கிற அதே இடத்துல. பின்னலை முன்னாடி எடுத்துப் போட்டிருக்கேன் பாருங்க. கை, அந்தக் கையைப் பாருங்க, எங்க அப்பா வாங்கித் தந்த வாட்ச். கழட்டுன்னாங்க, கழட்ட மாட்டேன்னு அடம்பிடிச்சேன். நான்தாங்க. நான்தான்.

– அத்தை, எவ்வளவு அழகா இருக்கீங்க.

– அழகை விடு. இருக்கேனா இல்லையா, அதைச் சொல்லு.

– இருக்கீங்க. முழுசா இருக்கீங்க. பின்னல் நுனியில ரிப்பன் வரைக்கும் தெரியுது.

– மறுபடி ஓட்டு. கை அசைக்கிறதைப் பாக்கணும். எவ்வளவு நேரம் வர்றேன்?

– நாலு செகண்ட்.

– நாலு செகண்டும் கேமராவைப் பாக்கலை பாத்தியா. சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கேன். இன்னொரு தடவை ஓட்டும்மா. இப்ப அந்தப் போனை எடு. எடுத்து உங்க சின்ன மாமியாருக்குப் போடு.

– என்ன சொல்லணும் அத்தை?

– நாளைக்கு அவளுக்கு எந்த சீட்டுன்னு கேளு. எந்த சீட்டா இருந்தாலும் கப்பல் ஊதும்போது கழுத்தை வலது பக்கம் திருப்பச் சொல்லு. சுளுக்கினாலும் பரவாயில்லை, திருப்பியே வெச்சிருக்கச் சொல்லு. அவ அண்ணி கப்பலா கயிறான்னு நான் பக்கத்து சீட்ல உக்காந்து கேக்கப் போறேன்.

– அப்ப வர்றீங்களா?

– வராம? இந்தப் பெட்டியில நான் கட்டை விரல் அளவுதான் இருக்கேன். அங்க எவ்வளவு பெருசா வருவேன்? நீங்க சொல்லுங்க, ஆப்பரேட்டர்.

– ரெண்டு ஆள் உயரம்.

– கேட்டியாம்மா, ரெண்டு ஆள் உயரம். ஊதுற சத்தம்?

– ஆறு டிராக். கப்பல் உன் முதுகுக்குப் பின்னாடி ஊதுற மாதிரி இருக்கும். நாற்காலி அதிரும்.

– அதிரட்டும். உன் புருஷனையும் கூட்டிட்டு வா. இந்த வீட்ல "அம்மா நடிச்ச படம்"னு ஆறு வருஷமா உன் காதுபடச் சொன்னான்ல, நாளையிலேர்ந்து இன்னும் சத்தமாச் சொல்லட்டும். நான் எழுந்து போக மாட்டேன், அங்கயே உக்காந்திருப்பேன். சொல்லிட்டேன்.

– சூப்பர் அத்தை. மாமா, நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க? தோத்துட்டோம்னு வருத்தமா?

– வருத்தமெல்லாம் இல்லைம்மா.

– அப்ப ஒரு கேள்வி. ரீல் மாத்துற அவசரத்துல அந்தக் காட்சியைப் பாத்ததே இல்லைன்னு சொன்னீங்க. கொடிக்கம்பம் வரும்னு, வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– அது வந்து… ஏதோ ஞாபகம்.

– ஏங்க, என்னைப் பாருங்க. எப்படித் தெரியும்?

– ரெண்டாவது மெஷினை ஒரு நிமிஷம் முன்னாடியே தயார் பண்ணி வெச்சிருவேன்.

– எதுக்கு?

– ஓட்டைகிட்ட வந்து நிக்கத்தான்.

– எத்தனை தடவை?

– எல்லாத் தடவையும்.

– என்னைத் தேடினீங்களா?

– தேடலை. இடது ஓரம்னு நீ சொன்னே, அங்க ஒருத்தி பச்சைத் துணியோட கையசைச்சிட்டு நின்னா. முதல் காட்சியிலேயே நீதான்னு நம்பிட்டேன். முகம் தெரியும்னு வீம்புக்குச் சொல்லிட்டே, வெறும் முதுகுன்னு நான் போய்ச் சொன்னா என் தங்கச்சி உன்னை இன்னும் ஓட்டுவாளேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

– நாப்பத்தோரு வருஷமாவா? உன்னை நம்பினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மனுஷா?

– சொல்லியிருக்கணும், தப்புதான். அதை நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். மருமகளே, நீ மறுபடி அந்த இடது ஓரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்மா. முன்னூத்தி இருபத்தோரு காட்சியிலயும் ஓட்டைக்குப் பின்னாடி நின்னு நானும் பதிலுக்குக் கையசைச்சேனே, அந்தப் பொம்பளை யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்.