நேர்கோட்டை வளைக்காத லென்ஸ்

அகல லென்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எவ்வளவு இடம் அடங்கும் என்றுதான் கேட்கிறார்கள். மூலைகளில் வெளிச்சம் எவ்வளவு விழும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அதனால்தான் லென்ஸ் கடைக்காரருக்கு என்னை நன்றாக நினைவிருக்கிறது. விசாரணையில் அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை.

என்னுடையது பழைய பெட்டிக் கேமரா. ஒவ்வொரு பிலிமும் உள்ளங்கை அகலம் இருக்கும். முன்னால் லென்ஸ், நடுவே துருத்தி, பின்னால் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழுவதைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். கட்டடங்களை எடுப்பதுதான் என் தொழில். கட்டடங்கள் எச்சில் துப்புவதில்லை.

வீட்டின் முன்பகுதி என் ஸ்டுடியோ. பின்பகுதியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் நல்லவர். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டு மென்று நான் பார்த்ததே இல்லை. நான் படங்களைக் கழுவும் தொட்டியில் வந்து வாய் கொப்பளிப்பார். கோழை வடிகட்டியில் சிக்கி ஆடிக்கொண்டிருக்கும். என் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டுவார். "என்னடா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று சிரித்துக்கொண்டே அதே கையால் என் கன்னத்தைத் தட்டுவார்.

ஒரு நாள் மீன் சாப்பிட்டுவிட்டு வந்து என் கறுப்புத் துணியில் வாயைத் துடைத்திருக்கிறார். தலையை உள்ளே விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர் எதிரே நின்றிருந்தார். கால் மணி நேரம், அண்ணனின் வாய்க்குள் இருப்பதுபோல அந்த இருட்டுக்குள் இருந்தேன். பிறகு நான்கு முறை சோப்புப் போட்டு அலசினேன். நாற்றம் போகவில்லை. அண்ணியிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். "சோப்பு வாசனைதான் வருது தம்பி" என்றார். அவருக்குப் பழகிவிட்டிருக்கும்.

மழை தொடங்கிய வாரம் அண்ணன் வந்து, "எங்க ரூம் செவுரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குதுடா. இன்ஜினியர் காலை ஒடச்சிக்கிட்டுப் படுத்திருக்காரு. போட்டோ எடுத்துட்டு வாங்க, பாத்துச் சொல்றேங்கிறாரு" என்றார்.

பத்தடிக்கு எட்டடி அறை. என் வழக்கமான லென்ஸில் சுவரில் பாதிதான் வரும். கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். அறுபத்தைந்து எம்எம்மில் மூலைகள் இருண்டன. எழுபத்தைந்தின் கண்ணாடியில் மெல்லிய கீறல். தொண்ணூறுதான் சரியாக இருந்தது. "ஓரத்துல இருக்கறத கொஞ்சம் இழுத்துக் காட்டும். ஆனா நேர்கோட்டை வளைக்கவே வளைக்காது சார், ஸ்கேல் மாதிரி" என்றார். அது எனக்கும் தெரியும். சின்னக் கேமராவும் போனும் வைத்திருப்பவர்கள்தான் அகல லென்ஸ் என்றாலே எல்லாவற்றையும் வளைக்கும் என்று நினைக்கிறார்கள்.

அறைக்குள் போனபோது ஈரப் போர்வையின் வாடை. தலையணையில் அண்ணனின் எண்ணெய், தலை வடிவத்துக்கே பதிந்திருந்தது. கேமராவை மூலையில் உயரமாக நிறுத்தினேன். "நானும் நிக்கட்டுமா? அளவு தெரியும்ல" என்று கேட்டுவிட்டுச் சட்டையில்லாமல் சுவரோரம் போய் நின்றார். கண்ணாடியில் அவர் தலைகீழாக, கசாப்புக் கடையில் மாட்டியது போலத் தொங்கினார். சுவரில் கீழே பச்சை, மேலே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு நடுவில் தெளிவாக வளைந்திருந்தது. சுவரின் வயிறும் அண்ணனின் வயிறும் பக்கத்தில் பக்கத்தில். நன்றாக எடுத்தேன். அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை.

இன்ஜினியர் கட்டிலில் கிடந்தபடி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "என்னப்பா இது, கோடு இப்படி வளையுது? ஆளை உடனே வெளியேத்தணும் போலிருக்கே."

"அது லென்ஸ் சார்" என்றேன். "அகல லென்ஸ்ல அப்படித்தான் தெரியும். நேர்ல அவ்வளவு இல்ல."

"அப்படியா? பயந்தே போயிட்டேன். சரி, மழை விடட்டும், நானே வந்து பாக்கறேன்."

அவ்வளவுதான். முன்கூட்டித் திட்டம் போட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. வெளியேற்றினால் எங்கே வருவார்கள்? ஸ்டுடியோவுக்குத்தான். அந்தத் தலையணை என் மேஜைக்கு அருகில் வந்துவிடும் என்ற நினைப்பு வந்தது. வாய் தானாகச் சொன்னது. இரண்டு நாள் கழித்து அண்ணனே கேட்டார். "மழை விடுற வரைக்கும் கட்டிலை உன் பக்கம் போட்டுக்கட்டுமாடா? உங்க அண்ணி ராத்திரியெல்லாம் செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கா."

"இன்ஜினியரே பயமில்லன்னு சொல்லிட்டாருண்ணே."

"அதுவும் சரிதான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள், மதியம் இரண்டரை மணி. அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஈர மண் சரிகிற சத்தம்தான். தூசி லென்ஸுக்கு ஆகாது என்பதால் ஸ்டுடியோவுக்கும் அண்ணன் அறைக்கும் இடையிலிருந்த நடுக்கதவை முழங்கையால் தள்ளிச் சாத்தினேன். அது தானாகத் தாழ்ப்பாள் விழுகிற கதவு.

அதன் பிறகு அவர் கூப்பிடுவது கேட்டது. ஐயோ என்றோ காப்பாற்று என்றோ இல்லை. "தம்பி" என்றுதான். வாயில் மண் போயிருக்க வேண்டும். மென்றுகொண்டே பேசுவது போல இருந்தது. பலமுறை கூப்பிட்டார். நடுவில் ஒரு தடவை, "உனக்கு ஒண்ணும் ஆகலயேடா?" என்று கேட்டார்.

பின்சந்து வழியாக அக்கம்பக்கத்தார் மண்ணைத் தள்ளி உள்ளே போக நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அடங்கிவிட்டார். அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்துக் கதவைத் திறந்திருந்தால் கட்டிலின் தலைமாடு இரண்டடிதான். அண்ணி இன்னும், "பாத்துப் பாத்து போட்டோ எடுத்தாரே, அவரையா சொல்றீங்க?" என்று உங்களோடு சண்டை போடுவதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சுவரைச் சாய்த்தது மழை. அண்ணனைக் கொன்றது நான்.

வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கதவைத் திறக்கத்தான் போனேன். கைப்பிடி வரைக்கும் போனேன். அதில் அவருடைய கை எண்ணெய் பிசுபிசுவென்று இருந்தது. துடைக்கக் காகிதம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.