மேடையிலிருந்து போட்ட மோட்டார்

தலைமை தாங்கும் பெருமைக்குரியவரும், பேச்சு நீளும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேச்சாளரைப் பதற வைப்பவருமான பூவனநாதன் அண்ணாச்சி அவர்களே! மாலையும் கழுத்துமாக, மலர்ந்த முகமும் கசங்கிய தூக்கமுமாக வீற்றிருக்கும் மணமக்களே! எட்டயபுரத்திலிருந்து முதல் பேருந்தில் நின்றுகொண்டே வந்த பெரியோர்களே! மணியாச்சியில் ரயில் மாறி வந்த மாமன்மார்களே! குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்து, பாதி மனதை அங்கேயே விட்டு, மீதி மனதோடு இங்கே அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! அனைவருக்கும் ராதாமணியின் அன்பு வணக்கம்!

என் ஒரு கையில் ஒலிவாங்கி. மறு கையில் கைபேசி. மேடையில் நிற்பவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பது முறையா? முறையில்லை. கான்வென்டில் படித்தவள் நான். நிமிர்ந்து நிற்பதையும் நிறுத்தி வாசிப்பதையும் பிரம்படி பட்டுக் கற்றவள். ஆனாலும் இன்று இந்தக் கைபேசியைக் கீழே வைக்கமாட்டேன். ஏன்? இன்று பத்தாம் நாள்!

பெண்கள் பக்கம் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். எப்போதும்வென்றானிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் தெரியாது. சொல்கிறேன்.

எங்கள் வளவில் ஏழு வீடுகள். ஏழுக்கும் சேர்த்துத் தரையில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, இடையில் ஒரு மோட்டார். பத்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதுவும் ஒரு மணி நேரம். தரைத்தொட்டி சிறியது, கால் மணியில் நிரம்பிவிடும். உடனே மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றினால்தான் அடுத்து வரும் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். ஏற்றத் தவறினால்? ஏழு வீடும் பத்து நாள் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓட வேண்டும். இன்று மாலை பெண் வீட்டு விருந்துக்கு நாற்பது பேர் அந்த வளவுக்குத்தான் வரப்போகிறீர்கள். கை கழுவ வேண்டாமா? கால் அலம்ப வேண்டாமா?

ஆகவே பத்தாம் நாளில் வளவில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த ஆள் யார்? நான்!

என் கணவர் காலமான மூன்றாம் மாதம் வளவில் ஒரு கல்யாணம். ‘மைனி, இன்னைக்குத் தண்ணி நாளு. நீங்க இருந்து பாத்துக்கிடுதீங்களா?’ என்று சாவியை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பு! பத்தாம் நாளில் விசேஷம் வந்தாலும் நான் காவல். மூன்றாம் நாளில் வந்தாலும், ‘ஒருவேளை வந்தாலும் வந்திரும் மைனி.’ மூன்றாம் நாளில் தண்ணீரா? கோவில்பட்டியிலா? யாரை யார் ஏமாற்றினோம்?

தாலியில்லாதவள் முன்வரிசையில் உட்காரலாமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க விடாமல் அந்த மோட்டார் எங்கள் எல்லோருடைய மானத்தையும் காத்தது. நானும் கர்வக்காரி. கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதைவிட, பூட்டிய வளவுக்கு அதிகாரியாக இருப்பது மேல் என்று இருந்துவிட்டேன். ஏழு வீட்டுச் சாவியும் என் இடுப்பில்!

யாரும் தலை குனிய வேண்டாம். இது கல்யாண மேடை. அழ வைக்க வரவில்லை. சிரிக்க வைக்கத்தான் வந்திருக்கிறேன்.

தேதி குறித்த அன்றே இந்த மணப்பெண் தீபலட்சுமி நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். பத்தாம் நாள்! இவளைப் பெற்ற ஆவுடைத்தாய் சாவியோடு என் வாசலுக்கு வருமுன், இவள் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து நின்றாள்.

‘அத்தை, இது வைஃபை சுவிட்சு. மோட்டார்ல மாட்டிட்டா மண்டபத்துல இருந்தே போடலாம். நீங்க மேடையில பேசுதீங்க.’

‘ஏட்டி, நான் மேடையிலயா? உங்கம்மா என்ன சொல்லுதா?’

‘அம்மாட்ட அப்புறம் கேட்டுக்கிடலாம். மொதல்ல மோட்டாரு.’

சபையோரே, இணைப்புக் கொடுப்பது என்றால் எனக்கு என்ன தெரியாது? முப்பத்தாறு வருடம் இந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்குப் பம்பாயை இணைத்தவள்! கடலைமிட்டாய்க் கடைக்கு மதராஸை இணைத்தவள்! பிள்ளை பிறந்ததை அப்பனுக்குச் சொல்ல, கொட்டும் மழையில் கொழும்பையே இணைத்தவள்! என் வாசலிலிருந்து பன்னிரண்டடி தூரத்தில் உள்ள ஒரு மோட்டாரையா இணைக்க முடியாது?

முடியவில்லை!

பெட்டியில் இருந்த தாளை இரண்டு முறை வாசித்தேன். அதன் ஆங்கிலத்தில் ஒன்பது பிழைகள். சிவப்பு மையில் திருத்தினேன். பிறகு அது சொன்னபடியே செய்தேன். பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினேன். நீல விளக்கு சிமிட்டியது. வைஃபை பெயரைத் தொட்டேன், கடவுச்சொல்லைக் கொடுத்தேன். கைபேசியில் ஒரு வட்டம் சுற்றியது. பத்து... ஐம்பது... தொண்ணூறு... தொண்ணூற்றொன்பது... நின்றது. ‘இணைக்க முடியவில்லை’ என்றது. யாரிடம்? என்னிடம்!

மின்வேலை பார்க்கும் லிங்கராஜ் வந்தார். ‘அக்கா, வைஃபைல ரெண்டு அலைவரிசை உண்டு. இந்தச் சுவிட்சு ரெண்டு புள்ளி நாலுலதான் சேரும். நீங்க அஞ்சுல நிக்கிதீங்க’ என்றார். மாற்றினோம். தொண்ணூற்றொன்பது! சுவிட்சைக் கழற்றி என் முன்னறைக்குள் கொண்டுவந்தார், சட்டென்று இணைந்தது. திரும்ப மோட்டாருக்குக் கொண்டுபோனார், அறுந்தது. உள்ளே வந்தால் உறவு, வெளியே போனால் பகை!

‘அக்கா, இது வெயிலுக்குப் பயப்படுது.’

லிங்கராஜ், எங்கே ஒளிகிறீர்கள்? குடை பிடித்தோமே, மறந்துவிட்டதா? மனிதனுக்கே குடை கிடைக்காத கரிசல் வெயிலில், இரண்டு பேர் நின்று ஒரு சுவிட்சுக்குக் குடை பிடித்தோம்!

நான்கு நாள் போராடினோம். நான்காம் நாள், ‘விடு, வழக்கம்போல நானே பாத்துக்கிடுதேன்’ என்றேன். தீபா அழுதாள். நான் அழவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குள் ஒரு நிம்மதி. இணையாவிட்டால் நான் வீட்டில் இருக்கக் காரணம் இருக்கிறது. இணைந்துவிட்டால்? அதன் பிறகும் என்னைக் கூப்பிடாவிட்டால்? கொழும்பை இணைத்தவளுக்கு அந்தப் பயம்!

நேற்றுக் காலை, சீர்வரிசையை ஏற்ற வேன் வந்தது. அதோ வாசலில் அடுக்கியிருக்கிறதே, அந்தச் சீர்வரிசைதான். ஆவுடைத்தாய் வீட்டில் இடமில்லாமல் எல்லாம் என் முன்னறையில்தான் கிடந்தன. ஆறடி இரும்பு பீரோ! பீரோ மேல் அண்டா! அண்டா மேல் போணி! போணி மேல் சம்படம்! நான்கு பேர் பீரோவைத் தூக்க, ‘ஏலே, பைய தூக்குங்கலே, கண்ணாடி, கண்ணாடி!’ என்று ஆவுடைத்தாய் அலற, பீரோ நிலைப்படியைத் தாண்டியதுதான் தாமதம், சுவிட்சைக் கழற்ற முற்றத்துக்கு வந்திருந்த லிங்கராஜின் கூச்சல்.

‘அக்கா! வெளக்கு சிமிட்டல! நின்னு எரியுது! சேந்துட்டு!’

வைஃபை பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? அந்த பீரோவுக்கு நேர் பின்னால், சுவர்த்தட்டில்! அலை எப்படி வெளியே வரும்? இரும்பும் எவர்சில்வருமாகக் கோட்டை கட்டி வைத்திருந்தோமே! அந்தச் சுவிட்சுக்கு வெயில் பயமும் இல்லை, வேறு குறையும் இல்லை. தீபாவின் சீர்வரிசையே தீபாவின் ஆசைக்குக் குறுக்கே நின்றது!

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். நானும் ஆவுடைத்தாயும். அவள் கையில் சாவிக்கொத்து, எனக்குக் கொடுக்க எடுத்து வந்தது. விளக்கைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாக எங்களுக்கு நடுவில் நின்ற தண்ணீர்ச் சாக்கு அன்றைக்கு இல்லை. இனி அவள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

என்ன சொன்னாள் தெரியுமா?

‘மைனி, ஒங்க மயில்கழுத்துச் சேலைய எடுத்து இப்பமே வெயில்ல போடுங்க. நாளைக்கு மண்டபம் பூரா பாச்சா உருண்டை வாடை அடிக்கும்.’

இதோ, அந்தச் சேலைதான்! வாடை அடிக்கிறதா? அடிக்கிறதாம், முன்வரிசை மூக்கைப் பொத்துகிறது. அடிக்கட்டும்! பத்தொன்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த பட்டு அல்லவா?

இருங்கள்... இருங்கள்! கைபேசி அடிக்கிறது! எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இசக்கிராஜா! ஒலிவாங்கியில் வைக்கிறேன்.

‘அக்கா, வால்வத் தொறந்து கால் மணி ஆச்சு. தொட்டி ரொம்பி வழியப் போவுது. போடுங்க, போடுங்க!’

அமைதி, தாய்மார்களே! தவில்காரரே, ஒரு நிமிடம் விரலை அடக்குங்கள்! இதோ, தொடுகிறேன். வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... தீபா, நகத்தைக் கடிக்காதே, மருதாணி போகும்... பச்சை! பச்சை வந்துவிட்டது! ஆனால் கைபேசி பச்சை காட்டினால் மட்டும் நம்புகிறவளா நான்? இசக்கிராஜா! கைபேசியை வளவுக் கதவில் வையுங்கள்! சபையோரே, காதைக் கொடுங்கள்!

கேட்கிறதா? உர்ர்ர் என்று கேட்கிறதா? நாதஸ்வரம் வாசித்த அதே ஒலிபெருக்கியில் எங்கள் மோட்டார் வாசிக்கிறதே! இதைவிட மங்கல இசை இந்தக் கரிசலில் உண்டா?

‘அக்கா, தண்ணி ஏறுது! எனக்கு ரெண்டாம் பந்தியில எல போட்டு வையுங்க, வாரேன்!’

தவில்காரரே, இப்போது அடியுங்கள்!

தாய்மார்களே! உங்கள் வீட்டிலும் சாவியோடு ஒருத்தி இருக்கிறாளா? அடுப்பைப் பார்த்துக்கொள், ஆட்டைப் பார்த்துக்கொள், கதவைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களா? சுவிட்சு வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். பெட்டியிலிருக்கும் அவள் சேலையை முதலில் வெயிலில் போடச் சொல்லுங்கள்!

மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் அவர்களே! எப்போதும்வென்றான் ஊர்க்காரர் நீங்கள். எங்கள் தீபாவிடம் மட்டும் அவ்வப்போது தோற்கப் பழகுங்கள். இருவரும் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடாமல் நூறும் இணைந்து வாழுங்கள். ஏதாவது இணையவில்லை என்றால் ஒருவரை ஒருவர் குறை சொல்லுமுன், நடுவில் என்ன பீரோ நிற்கிறது என்று பாருங்கள்.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பீரோவைத் தூக்கிய நால்வருக்கும், குடை பிடித்த லிங்கராஜுக்கும் என் நன்றி. ஒலிவாங்கியைத் தலைவரிடம் தருகிறேன். கைபேசியை மாப்பிள்ளையிடம் தருகிறேன். நாற்பது நிமிடம் கழித்து மோட்டாரை அணைப்பது இந்த வீட்டு மருமகனாக உங்கள் முதல் வேலை.

என் இரண்டு கைகளும் இப்போது காலி. ஆவுடைத்தாய், அட்சதைத் தட்டை இங்கே கொண்டுவா! அனைவருக்கும் வணக்கம்!