பம்ப்தான் பழுது

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டும். அன்று நான் கூடப் போகாததற்கு அதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ராஜிக், நீங்கள் நிதானமாகவே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், ஆபீசருக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் முத்துராமன். ஊர் கோயம்புத்தூர். ஷார்ஜாவில் படகு ரிப்பேர் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் மேனேஜர். அங்கேயே முவைலாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. கூப்பிடாதவர்களை வெயிலில் வேலை செய்கிற பக்கம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் என்றால் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று பேசக் கூடாது. வீட்டிலும் நான் அப்படித்தான். போன கோடையில் ஏசி ஓடவில்லை. பார்த்தவுடனே கம்ப்ரசர் போய்விட்டது என்றேன். என் மனைவி ஜலஜா, ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் புதுக் கம்ப்ரசர் வாங்கி மாட்டினேன். வீடு ஜில்லென்று ஆனது. பேட்டரியையும் அன்றைக்குத்தான் மாற்றினோம், அது வேறு விஷயம்.

கலீலுர் ரஹ்மான் என்று ஒரு கீழக்கரைக்காரர், துபாய் தேராவில் கடை வைத்திருக்கிறார். மீன் பிடிக்கப் போவதற்கு ஒரு சின்னப் படகு உண்டு. கரையோரம் நன்றாக ஓடும். கடலில் வேகமெடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் இன்ஜின், பெட்ரோல் முழு பிரஷரோடு வந்தால்தான் ஓடும். கேஜ் மாட்டிப் பார்த்தோம், பிரஷர் விழுந்தது. பம்ப்தான் என்றேன். புதுப் பம்ப் போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் நின்றது.

ஷ்யாம் என்னிடம் வேலை பார்த்த இன்ஜினியர், சென்னைப் பையன். நல்ல பையன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவன் படகைக் கடலில் ஓட்டிவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் டேங்க் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தனிக் கேனிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுத்தான். பிரஷர் விழாமல் நின்றது.

"சார், பம்ப் நல்லாத்தான் இருக்கு. டேங்க்குக்குக் காத்து போற ஹோஸ் மேல ஐஸ் பெட்டிய வச்சிருக்காங்க, நசுங்கிப்போச்சு. காத்து உள்ள போகலன்னா பம்ப் எப்படி சார் உறிஞ்சும்?"

கலீலுர் ரஹ்மான் என்னைப் பார்த்தார். "அப்ப நம்ம டாக்டரு நோவே இல்லாத ஆளுக்கா ஆப்பரேஷன் பண்ணுனாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பட்டான் மெக்கானிக் என் தோளில் தட்டி, "கோயி பாத் நஹி, டாக்டர் சாப்" என்றான், பரவாயில்லையாம். ஷ்யாம் மட்டும் சிரிக்கவில்லை. "சார் சொன்னதாலதாங்க நான் ஹோஸையே பாத்தேன்" என்றான். நான் அப்படிச் சொல்லவேயில்லை. எனக்குப் பிச்சை போட்டான், ஆபீசர். சிரித்தவர்களை நான் அன்றே மன்னித்துவிட்டேன். இவனை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

அவன் ஐஸ் பெட்டியை இடம் மாற்றி, புது ஹோஸ் போட்டான். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை கடலில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜும்மாவுக்கு எல்லோரும் பள்ளிவாசல் போய்விட்டார்கள். ஷ்யாம் சாப்பிடப் போயிருந்தான். நான் அந்தப் புதுப் பம்பைக் கழற்றிவிட்டு, குப்பையில் கிடந்த ஒரு தேய்ந்துபோன பம்பை மாட்டினேன். இதை நீங்கள் சதி என்பீர்கள். நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும், இருக்கும்படி செய்தேன். இரண்டு பேராகப் போவதுதான் எங்கள் வழக்கம். இன்னொரு ஆளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். தூசிக்காற்று என்று ஷ்யாம் தயங்கினான். யல்லா, போயிட்டு வா என்றேன்.

அவன் போன் செய்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சார், பிரஷர் விழுந்துடுச்சு. இன்ஜின் நின்னுபோச்சு."

"பதறாத. டேங்க் மூடியத் திற. காத்து இழுக்குதா?"

"இல்ல சார்."

"ஃபில்டர்ல தண்ணி நிக்குதா பாரு."

"சுத்தமா இருக்கு சார். சார், தூசியில ஒன்னுமே தெரியல. கப்பல் வர்ற வழியில நிக்கிறேன். ரேடியோல ஹெல்ப் கேக்கட்டா?"

"கோஸ்ட் கார்டுக்கு நான் சொல்லியாச்சு. வந்துட்டே இருக்காங்க. நீ தனிக் கேன்ல இருந்து பெட்ரோல் குடுத்துப் பாரு."

நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், சோதனை பாதியில் நின்றுபோயிருக்கும். கேனை மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்கு மூச்சு வாங்குவது போனில் கேட்டது.

"சார், ஹார்ன் கேக்குது. பெரிய கப்பல் சார்."

"கேன்ல பிரஷர் ஏறுதா?"

"ஏறல சார்."

"அப்ப எது பழுது?"

"சார்..."

"சொல்லு ஷ்யாம். எது?"

"பம்ப்தான் சார். நீங்க சொன்னதுதான் சரி. யாரையாவது சீக்கிரம் வரச் சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மனசு குளிர்ந்தது. உடனே கோஸ்ட் கார்டைக் கூப்பிட்டேன், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது படகு இரண்டு துண்டாகக் கிடந்ததாம்.

அவன் மனைவி சுஷ்மிதா, கடைசியாக என்ன பேசினார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேலையைப் பற்றித்தான் பேசினான் என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. விசாரணை செய்தவர்கள் உடைந்த படகைப் பார்த்து, ஹோஸ் நசுங்கியிருக்கிறது, அதனால்தான் இன்ஜின் நின்றது, விபத்து, கலாஸ் என்று முடித்துவிட்டார்கள். கலீலுர் ரஹ்மான் வேறு, அந்தப் பிள்ளை அப்பவே சொன்னுச்சே என்று அழுதாராம். இப்போது ஒர்க்‌ஷாப்பில் ஷ்யாமின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதன் கீழே புது ஆட்களை நிற்கவைத்து ஹோஸ் பாடம் நடக்கிறது. அதை நடத்தச் சொல்லியிருப்பது என்னை. நானும் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன்.

அந்த ஹோஸ் கப்பல் மோதியதில் நசுங்கியது, ஆபீசர். இன்ஜினைப் பிரித்துப் பம்பை வெளியே எடுத்துப் பாருங்கள். அவனே ஒத்துக்கொண்டு போன விஷயம், கேட்டவன் நான் ஒருவன்தான். நான் மாட்டிய பம்ப், நான் அனுப்பிய ஆள், நான் கூப்பிடாத உதவி. ஷ்யாமைக் கொன்றவன் நான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ராஜிக், கொலையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அவரிடம் பம்ப் என்று சொல்லுங்கள்.