தரையோடு கிடந்த கோடு

வரைபடம் போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. கட்டம் போட்ட தாள், பென்சில், அளவுகோல், அவ்வளவுதான். எங்கள் சுகாதார அலுவலகத்தில் பெரிய டாக்டருக்கு எண்களைப் படிக்க நேரம் கிடையாது. நான் போடும் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

போன வருஷம், ஐம்பத்தேழில், எங்கள் கருவடிக்குப்பத்திலும் கடலோர மீனவர் குப்பத்திலும் ஒரே சமயத்தில் காலரா கண்டது. மருந்து கலந்த தண்ணீர் லாரி ஒன்றுதான் இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு வைத்து நேர்மையாகக் கோடு போட்டேன். மீனவர் குப்பத்துக் கோடு கொஞ்சம் உயரம். லாரி அங்கே போனது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்த என் மகள் ஜெயம் மூன்றாம் நாள் இறந்தாள். ஆறு வயது. நோய் நின்றதும் மீனவர்கள் டாக்டருக்கு மாலை போட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

இந்த வருஷம் காலரா மீனவர் குப்பத்துக்கு மட்டும் வந்தது. முதல் வாரம் நான்கு சாவு, அடுத்த வாரம் ஒன்பது, பிறகு பத்தொன்பது. போன வருஷம் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துப் பேர் என்று வைத்த அளவை இந்த முறை நூறு பேர் என்று வைத்தேன். பத்தொன்பது பேரும் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டார்கள்.

“பரவாயில்லையே, கட்டுக்குள்ளதான் இருக்கு” என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். லாரியை லாஸ்பேட்டையில் ரோடு வேலைக்கு அனுப்பினார்.

மீனவர் குப்பத்துச் சாவுக் கணக்கைக் கொண்டுவருபவர், அங்கேயே குடியிருந்து ஊசி போடும் தெய்வநாயகம். அவர்தான் தாளைப் பார்த்துத் திகைத்தார்.

“இன்னாண்ணே இது? எங்கூட்டாண்ட தெனம் பொணம் போவுது, கோடு தரையிலயே கெடக்குதே?”

“எண்ணு தப்பா இருக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா?”

“டாக்டராண்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நான் சொன்னா கேக்கமாட்டாரு.”

“சொல்றேன்” என்றேன். சொல்லவில்லை.

நான்காவது வாரம் நாற்பத்தொன்று. அதில் தெய்வநாயகத்தின் மனைவி சின்னப்பொண்ணும் ஒருத்தி. அடக்கம் முடிந்த கையோடு அவர் அந்தத் தாளை ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். கொண்டுவர வேண்டியதுதான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மொத்தம் எழுபத்துமூன்று பேர். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், ஐயா. எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. கோபக்காரன் கையில் கோடு இவ்வளவு நேராக வருமா?